க்ளிங்கான்ல ‘ஆமா’ சொல்வது எப்படி? பதில் நம்ம மாட வீதியிலேயே இருக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

இந்த வாரத்துக்கான கேள்வி ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்லேருந்து வந்தது. அவர் ஸ்டார் ட்ரெக் ரசிகர். மொபைல்ல க்ளிங்கான் மொழி கத்துக்கிட்டு இருக்கார். அவர் கேட்டது இதுதான்: “க்ளிங்கான்ல ஒருத்தர் ஆமா-இல்லைன்னு பதில் வர்ற மாதிரி ஒரு கேள்வி கேட்டா, இயல்பா எப்படிப் பதில் சொல்றது? அகராதியில ‘ஆமா’வுக்கு ஒரு வார்த்தை இருக்கு. அதையே எல்லாத்துக்கும் சொன்னா ரோபோ மாதிரி இருக்காதா?”

ரொம்ப நல்ல கேள்வி. இதுக்குப் பதில் தேடப் போனா, வழியில தமிழ் வந்து நிக்குது. அதுக்கும் மேல, வேலையில நான் அடிக்கடி முட்டிக்கற ஒரு பிரச்சினையும் வந்து நிக்குது: தமிழ்ல பேசற வாய்ஸ் பாட். அதனால இன்னைக்கு மூணையும் சேர்த்தே பார்க்கலாம். சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு நேரடியா உபயோகமா இருக்கும். மத்தவங்களுக்கு, தினமும் நாம பண்ற ஒரு விஷயத்தைக் கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்த மாதிரி இருக்கும்.

முதல்ல க்ளிங்கான்: ரெண்டு நிமிஷ அறிமுகம்

க்ளிங்கான் ஒரு உருவாக்கப்பட்ட மொழி. 1979-ல வந்த முதல் ஸ்டார் ட்ரெக் படத்துல சில வார்த்தைகள் மட்டும் வரும். 1984-ல மூணாவது படம் வந்தப்போ, மார்க் ஓக்ராண்ட் என்கிற மொழியியலாளரைக் கூப்பிட்டு முழு மொழியாவே உருவாக்கச் சொன்னாங்க. அவர் பெர்க்லியில முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணினது முட்சுன்னு ஒரு கலிஃபோர்னியப் பழங்குடி மொழியை. 1985-ல க்ளிங்கான் அகராதி புத்தகமா வந்தது. அதுலதான் இலக்கணமும் இருக்கு. 1992-ல க்ளிங்கான் மொழிக்குன்னே ஒரு கழகம் ஆரம்பிச்சாங்க. ஹாம்லெட் நாடகத்தையே க்ளிங்கான்ல மொழிபெயர்த்துட்டாங்க. 2018-ல டுவோலிங்கோவில பாடமும் வந்துருச்சு.

“படத்துக்காக ஒரு மொழியா?”ன்னு சிரிக்கறவங்களுக்கு ஒண்ணு ஞாபகப்படுத்தறேன். 2015-ல பாகுபலி பார்த்தோமே, அதுல காலகேயர்கள் பேசற கிளிக்கி மொழியை உருவாக்கினவர் நம்ம மதன் கார்க்கி. பாட்டு எழுதறவர், கணினித்துறையில முனைவர் பட்டம் வாங்கினவர், அண்ணா பல்கலைக்கழகத்துல பாடம் எடுத்தவர். அதனால மொழி உருவாக்கறது ஏதோ வெளிநாட்டுக்காரங்க வேலைன்னு ஒதுக்க வேண்டாம். கிண்டி வரைக்கும் வந்தாச்சு.

க்ளிங்கானை ஓக்ராண்ட் வேணும்னே வித்தியாசமா வெச்சார். நாம “நான் தோசை சாப்பிடறேன்”னு சொல்வோம். அவங்க வரிசை “தோசை சாப்பிடு நான்”னு போகும். உலகத்துல ரொம்பக் கம்மி மொழிகள்லதான் இந்த வரிசை உண்டு. இப்படித் தலைகீழா வெச்ச மொழியில, ஒரு இடத்துல மட்டும் அப்படியே நம்ம வீட்டு வாசல் தெரியும். அது கேள்வி கேட்கற இடம்.

அதே ‘ஆ’

க்ளிங்கான்ல ‘குங்’னா பசி எடுக்கறது. ‘பி’ன்னு முன்னாடி சேர்த்தா ‘நீ’. ‘ஜி’ன்னு சேர்த்தா ‘நான்’. அதனால ‘பிகுங்’னா ‘உனக்குப் பசிக்குது’. இதைக் கேள்வியாக்கணும். என்ன பண்ணணும்? கடைசியில ஒரு ‘ஆ’ ஒட்டணும். ‘பிகுங்-ஆ?’ அவ்வளவுதான். தொண்டையை ஒரு தடவை சட்டுனு அடைச்சுத் திறந்து அந்த ‘ஆ’வைச் சொல்லணும். மத்தபடி ‘பசிக்குதா?’ எப்படி வேலை செய்யுதோ அப்படியே.

இதை வெச்சு “க்ளிங்கான் தமிழ்லேருந்து பிறந்தது”ன்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் போட்டுடாதீங்க, ப்ளீஸ். இது தற்செயல். வினைச்சொல்லோட வாலைக் கொஞ்சம் மாத்திக் கேள்வி கேட்கற மொழிகள் நிறைய இருக்கு. மலையாளத்துல ‘ஓ’, துருக்கியில ‘மி’, ஜப்பானியத்துல ‘கா’. ஆனா, இந்தத் தற்செயல் நமக்கு ரொம்ப வசதி. கேள்வி அமைப்பு ஒரே மாதிரி இருக்கறதால, பதில் அமைப்பையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்.

அகராதியில பதிலுக்கு நாலு சொல் முக்கியமா இருக்கு. ‘ஹிஜா’, அல்லது ‘ஹிஷ்லஹ்’: ஆமா. ‘கோபே’: இல்லை. இதுவரைக்கும் ஆங்கிலத்துல இருக்கற யெஸ், நோ மாதிரி. அடுத்த ரெண்டுதான் சுவாரசியம். ‘லுக்’: சரி, செய்யறேன். ‘க்கோ’: மாட்டேன்.

கவனிச்சீங்களா? ஒரு தகவலுக்குச் சொல்ற ‘ஆமா’ வேற, ஒரு வேலைக்கு ஒத்துக்கிட்டுச் சொல்ற ‘சரி’ வேற. ஒரு தகவலை மறுக்கற ‘இல்லை’ வேற, வேலையையே மறுக்கற ‘மாட்டேன்’ வேற. ஆங்கிலத்துல “பசிக்குதா?”ன்னாலும் நோ, “கதவைத் திற”ன்னாலும் நோ. க்ளிங்கான்ல அப்படி ஒண்ணையே எல்லாத்துக்கும் போட முடியாது. வினைச்சொல்லுக்குள்ளேயும் இதே பிரிவு இருக்கு. ‘ஷோப்’னா சாப்பிடறது. ‘ஜிஷோப்-பே’ன்னா நான் சாப்பிடலை. ‘ஜிஷோப்-க்கோ’ன்னா நான் சாப்பிட மாட்டேன். முதல்ல சொன்னது வெறும் செய்தி, ரெண்டாவது அடம்.

இப்போ தமிழைப் பாருங்க. “சாப்பிடலை”, “சாப்பிட மாட்டேன்”. வீட்டுல ஒரு மூணு வயசுக் குழந்தை இருந்தா இந்த வித்தியாசத்தை நான் விளக்கவே தேவையில்லை.

நாம நிஜமா எத்தனை தடவை ‘ஆம்’ சொல்றோம்?

ஒரு சின்னப் பரிசோதனை. ஒரு நாள் காலையில தெற்கு மாட வீதியில காய்கறி வாங்கப் போற ஒருத்தர் பின்னாடியே போறோம்னு வெச்சுக்கோங்க. அவர் காதுல விழற கேள்விகளும் அவர் சொல்ற பதில்களும் இப்படித்தான் இருக்கும்:

“அண்ணா, வாழைப்பூ இருக்கா?” — “இருக்கும்மா.”
“கவர் வேணுமா?” — “வேணாம், பை இருக்கு.”
“நூறு ரூபாய்க்குச் சில்லறை கிடைக்குமா?” — “கிடைக்காதே!”
“மாமி, டிஃபன் ஆச்சா?” — “ஆச்சு.”
“ஜிபே பண்ணட்டுமா?” — “பண்ணுங்க.”
“கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?” — “ஓ, போங்க.”
“நாளைக்குக் கீரை வருமா?” — “வரும்.”

ஏழு கேள்வி. ஏழுமே ஆமா-இல்லை வகைதான். ஒரு பதில்ல கூட ‘ஆமா’வும் இல்லை, ‘இல்லை’யும் இல்லை.

இதுதான் நம்ம மொழியோட அடிப்படைப் பழக்கம். கேட்டவர் எந்தச் சொல்லை நீட்டினாரோ, அந்தச் சொல்லையே வாங்கி, ‘ஆ’வைக் கழட்டிட்டு, திருப்பிக் கொடுக்கறோம். இருக்கா — இருக்கு. வேணுமா — வேணும். தெரியுமா — தெரியும். முடியுமா — முடியாது. வருவியா — வருவேன். கடைசி ஜோடியில பாருங்க, ‘நீ’யை ‘நான்’ ஆக்கிட்டுத் திருப்பிக் கொடுக்கறோம். அதையும் யோசிக்காமலே பண்றோம்.

இப்படிப் பண்றது நாம மட்டும் இல்லை. ஐரிஷ், வெல்ஷ், ஃபின்னிஷ், சீனம், போர்ச்சுகீசியம் எல்லாத்துலயும் வினைச்சொல்லைத் திருப்பிச் சொல்றதுதான் இயல்பான பதில். பழைய லத்தீன்ல ‘யெஸ்’ஸுக்குன்னு நேரா ஒரு சொல் கிடையாது. ஆங்கிலத்தை மட்டுமே அளவா வெச்சுப் பார்க்கறதாலதான் எல்லா மொழியிலயும் ரெண்டு பட்டன் இருக்கணும்னு நமக்குத் தோணுது.

‘ஆம்’ங்கறதே ஒரு வினைச்சொல்தான். ‘ஆகும்’ என்பதோட சுருக்கம். ‘இல்லை’யும் ‘இல்’னு ஒரு வேர்லேருந்து வந்தது, ‘இருப்பு கிடையாது’ன்னு பொருள். ஆக, நம்ம யெஸ், நோ ரெண்டுமே தனி முத்திரைகள் கிடையாது. அதுங்களும் ஒரு காலத்துல வேலை பார்த்த வினைச்சொற்கள்.

சரி, அப்போ ‘ஆமா’வை எங்கே சொல்றோம்? ரெண்டு இடத்துல நல்லா பொருந்தும். ஒண்ணு, எதிர்ல இருக்கறவருக்குப் பாதி தெரியும், உறுதிப்படுத்திக்கக் கேட்கறார். “நீங்க லஸ் பக்கமா இருக்கீங்க?” — “ஆமா.” ரெண்டாவது, வினைச்சொல்லே இல்லாத கேள்வி. “இது உங்க வண்டியா?” — “ஆமா.”

இதுலேருந்து அடுத்த விஷயத்துக்குப் போகலாம். க்ளிங்கானைவிட நம்ம ‘ஆ’ ஒரு படி மேல.

‘ஆ’ எங்கே ஒட்டுதோ, பதில் அங்கே

க்ளிங்கான்ல அந்தக் கேள்வி ‘ஆ’ வினைச்சொல்லோட கடைசியிலதான் ஒட்டும். தமிழ்ல அது வாக்கியத்துல எங்கே வேணாலும் போய் உட்காரும். ஒரே வாக்கியத்தை எடுத்துக்கலாம்: நீ நேத்து தேருக்குப் போனே.

“நீ நேத்து தேருக்குப் போனியா?” — “போனேன்.”
“நீயா நேத்து தேருக்குப் போனே?” — “நான்தான்.”
“நேத்தா தேருக்குப் போனே?” — “இல்ல, முந்தாநேத்து.”
“தேருக்கா நேத்து போனே?” — “இல்ல, அறுபத்துமூவருக்கு.”

வார்த்தைகள் அதேதான். ‘ஆ’ மட்டும் இடம் மாறுது. ஆனா நாலும் வேற வேற கேள்வி. முதல் கேள்வியில, போனதே சந்தேகம். ரெண்டாவதுல யாரோ போனது உறுதி, ஆள்தான் சந்தேகம். இயல்பான பதிலும் அதுக்கேத்த மாதிரி மாறுது. ‘ஆ’ ஒட்டின சொல்லை எடுத்து, ஒத்துக்கறதா இருந்தா ‘தான்’ சேர்த்துத் திருப்பிக் கொடுக்கறோம். மறுக்கறதா இருந்தா ‘இல்ல’ சொல்லிட்டு, அந்த இடத்துக்குச் சரியான சொல்லை வெக்கறோம். “நீயா போனே?”ன்னு கேட்டவருக்கு “போனேன்”னு பதில் சொன்னா, இலக்கணத் தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

ஆக, நேயருக்கு முதல் பதில் ரெடி. கேள்வியில ‘ஆ’ எந்தச் சொல்லோட வருதுன்னு கேளுங்க, அந்தச் சொல்லையே திருப்பிக் கொடுங்க. க்ளிங்கான்ல அது எப்பவும் வினைச்சொல்தான், அதனால வேலை இன்னும் சுலபம். ‘பிகுங்-ஆ?’ன்னா, ‘ஹிஜா’ன்னு மட்டும் சொன்னாலும் சரி. ‘ஹிஜா, ஜிகுங்’, அதாவது ‘ஆமா, பசிக்குது’ன்னு சொன்னா பேச்சு மாதிரி இருக்கும். “வந்து உதவி பண்றியா?”ன்னு கேட்டா மட்டும் ‘ஹிஜா’வுக்குப் போகாம ‘லுக்’ சொல்லுங்க. நாம ‘ஆமா’வை விட்டுட்டு ‘சரி’ சொல்ற இடம் அது.

பவணந்தி எண்ணி வெச்ச எட்டு

இதெல்லாம் புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. ஸ்கூல்ல மார்க்குக்காகப் படிச்சு மறந்துட்டோம். 13-ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல், வினா ஆறு வகை, விடை எட்டு வகைன்னு பிரிக்குது. அந்த எட்டுல ‘ஆம்’ங்கற சொல்லுக்குன்னு தனி வகை கிடையாது. நண்பர் ஒருத்தர் “சாயங்காலம் கோயிலுக்கு வர்றியா?”ன்னு கேட்கறார். ஏழு வகையில பதில் சொல்லிப் பார்க்கலாம்:

“வர்றேன்.” இது நேர் விடை.
“வரலை.” இது மறை விடை.
“நீயே போய்ட்டு வந்துடேன்.” ஏவல் விடை.
“வராம இருப்பேனா?” வினா எதிர் வினாதல்.
“காலையிலேருந்து தலை வலிக்குதுப்பா.” உற்றது உரைத்தல், அதாவது நடந்ததைச் சொல்றது.
“அந்தக் கூட்டத்துல நின்னா தலை வலிக்கும்.” உறுவது கூறல், நடக்கப் போறதைச் சொல்றது.
“பீச்சுன்னா வர்றேன்.” இனமொழி விடை.

எட்டாவது சுட்டு விடை. அது “கோயில் எங்கே?”ன்னா “இதோ இந்தப் பக்கம்”னு காட்டற வகை.

சுட்டு, மறை, நேர் மூணும் கேள்விக்கு நேரா வர்ற பதில்கள். மீதி அஞ்சும் சுத்தி வளைச்சு வர்ற பதில்கள். ஆனா அந்த அஞ்சுலயும் கேட்டவருக்குப் பதில் கிடைச்சுடுது. “தலை வலிக்குது”ன்னா வரலைன்னு புரிஞ்சுக்க நமக்கு அரை நொடி கூட ஆகாது. இன்னும் பழைய தொல்காப்பியத்துலயும், கேள்விக்கு எதிரா வர்ற கேள்வியும் பதில்தான்னு கணக்குல எடுத்துக்கறாங்க.

கேள்வி வகைகளையும் கொஞ்சம் பாருங்க. தெரிஞ்சுக்கிட்டே கேட்கறது, தெரியாம கேட்கறது, சந்தேகத்துல கேட்கறது. இந்த மூணும் எதிர்பார்த்ததுதான். மீதி மூணு அசத்தல். கடையில “பால் இருக்கா?”ன்னா வாங்கறதுக்குக் கேட்கறோம்: கொளல் வினா. “உன்கிட்ட நல்ல குடை இருக்கா?”ன்னு ஒருத்தர் தன்னோட குடையைக் கொடுக்கறதுக்காகக் கேட்டா கொடை வினா. “மோட்டார் போட்டியா?”ன்னு அம்மா கேட்டா அது கேள்வியே இல்லை, போய்ப் போடுன்னு அர்த்தம்: ஏவல் வினா. மூணுமே வடிவத்துல ஆமா-இல்லை கேள்வி. நோக்கம் வேற வேற. “பால் இருக்கா?”ன்னு கேட்டவருக்குக் கடைக்காரர் “எத்தனை பாக்கெட்?”னு பதில் சொல்றார். அவர் கேள்வியைக் கேட்கலை, நோக்கத்தைக் கேட்டார்.

இன்னைக்கு நம்ம ஆபீஸ்ல இதுக்குப் பேரு ‘இன்டென்ட்’ கண்டுபிடிக்கறது. அதுக்கு மாடல் ட்ரெயின் பண்றோம். பவணந்தி கையில எழுத்தாணியும் ஓலையும்தான் இருந்தது.

சிக்கல் ஆரம்பிக்கற இடம்: ‘சாப்பிடலையா?’

இதுவரைக்கும் ஜாலியா போச்சு. இனி கொஞ்சம் சீரியஸ். எதிர்மறைக் கேள்வி.

“நீங்க காலையில சாப்பிடலையா?”

ஒருத்தர் “ஆமா”ங்கறார். என்ன அர்த்தம்? பெரும்பாலும் “ஆமா, நீங்க சொல்றது சரி, சாப்பிடலை.” இன்னொருத்தர் “இல்ல”ங்கறார். என்ன அர்த்தம்? பெரும்பாலும் “இல்ல, சாப்பிடலை.” அதாவது ‘ஆமா’வும் ‘இல்ல’யும் ஒரே இடத்துல போய் நிக்குது! இதுல மூணாவது ஆள் வேற இருக்கார். அவர் “இல்லல்ல”ன்னா “அதெல்லாம் இல்ல, சாப்பிட்டேன்”னு அர்த்தம்.

உலகம் முழுக்க இது தலைவலிதான். ஜப்பானியத்துல ‘ஹாய்’ன்னா நீங்க சொன்னது சரின்னு அர்த்தம், அதனால எதிர்மறைக் கேள்விக்கு ‘ஹாய்’ன்னா ‘சாப்பிடலை’தான். ஆங்கிலத்துல அதுக்கு நேர் எதிரா ‘நோ’ சொல்லணும். பிரெஞ்சிலயும் ஜெர்மன்லயும் இதுக்குன்னே மூணாவது ஒரு சொல் வெச்சிருக்காங்க: ‘சி’, ‘டோஹ்’. “நீ நினைக்கற மாதிரி இல்லை, நான் சாப்பிட்டேன்”ங்கறதை ஒரே சொல்லுல சொல்லிடுவாங்க.

நம்மகிட்ட அதுக்கு என்ன இருக்கு? ஒரே ஒரு எழுத்து: ஏ. “சாப்பிடலையா?” — “சாப்பிட்டேனே!” அந்த ‘ஏ’ கேட்டவர் மனசுல இருக்கற தப்பான எண்ணத்தை மென்மையா திருத்திடுது. “நீ வரலையா?” — “வந்தேனே!” “சொல்லலையா?” — “சொன்னேனே!” ஒத்துக்கறதா இருந்தா “ஆமா, சாப்பிடலை”ன்னு வினைச்சொல்லையும் சேர்த்துச் சொல்லிடறோம். ரெண்டு வழியிலயும் குழப்பத்தைத் தீர்க்கறது ‘ஆமா’வோ ‘இல்ல’யோ இல்லை. திரும்பி வர்ற வினைச்சொல்தான் தீர்க்குது.

க்ளிங்கானுக்கும் இதே வைத்தியம் செல்லும். எதிர்மறையில கேட்டா ஒத்தைச் சொல்லோட நிறுத்தாதீங்க. ‘ஜிகுங்’, பசிக்குது. ‘ஜிகுங்-பே’, பசிக்கலை. முழுசா சொன்னா யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போ இதை மெஷின்கிட்ட கொடுத்துப் பாருங்க

நான் ஏன் இவ்வளவு நேரம் இதைப் பேசறேன்னா, இந்தக் குழப்பத்துக்கு நடுவுல இப்போ ஃபோன்ல பேசற பாட் ஒண்ணு வந்து நிக்குது. பேங்க், லேப், டெலிவரி, ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட், எல்லா இடத்துலயும். இந்தக் கேள்விகளை எழுதறவங்க பெரும்பாலும் ஆங்கிலத்துல எழுதி, அப்புறம் தமிழாக்கறாங்க. அதனால எல்லாக் கேள்வியும் ‘ஆம் அல்லது இல்லை என்று கூறவும்’ல போய் முடியுது.

நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்ட்ல பதிவான பதில்களைக் கேட்டிருக்கேன். “டெலிவரி நாளைக்கு வரலாமா?”ன்னு பாட் கேட்குது. ஜனங்க சொன்னது: “வாங்க.” “வரட்டும்.” “நாளைக்கு வேணாம்ப்பா.” “சாயங்காலம்னா பரவாயில்ல.” “வீட்டுல ஆள் இருக்க மாட்டாங்களே.” ‘ஆம்’னு சொன்னவங்க ரொம்பக் கம்மி. பாட் திரும்பத் திரும்ப “மன்னிக்கவும், புரியவில்லை”ன்னுச்சு. இதுல புரியாத மாதிரி பேசினவங்க யாரும் இல்லை. நன்னூல் சொன்ன நேர், மறை, உறுவது கூறல் எல்லாம் வரிசையா வந்திருக்கு. மெஷின்தான் ரெண்டு சொல்லோட வந்து உட்கார்ந்திருக்கு.

இன்னொரு வேடிக்கை. சென்னைல நாம பேச்சை ஆரம்பிக்கறதே “இல்ல, நான் என்ன சொல்றேன்னா…”ன்னுதான். அந்த ‘இல்ல’ எதையும் மறுக்கலை, தொண்டையைச் செருமிக்கற மாதிரி. அதே மாதிரி “ஆமா, நீ எப்ப ஊருக்குப் போறே?”ல வர்ற ‘ஆமா’ எதையும் ஒத்துக்கலை, பேச்சை மாத்துது. முதல் சொல்லை மட்டும் பிடிச்சுக்கற மெஷின் இங்கே தடுமாறிடும். சில வீடுகள்ல “அரிசி இருக்கா?”ன்னு கேட்டா “நிறைஞ்சிருக்கு”ன்னு சொல்வாங்க. அரிசி தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். இல்லைங்கற சொல்லை வீட்டுல சொல்லக் கூடாதுங்கற பழக்கம். அதை எந்த மாடலுக்குக் கத்துக்கொடுப்பீங்க?

டெலிவரி ஒரு நாள் தள்ளிப்போனா பெரிய நஷ்டம் இல்லை. ஆனா இதே கேள்வி ஆபரேஷனுக்கு முன்னாடி வந்தா? மயக்க மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி வயிறு காலியா இருக்கணும். வயித்துல சாப்பாடு இருந்தா, மயக்கத்துல அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போகற ஆபத்து உண்டு. அந்த நேரத்துல “நீங்கள் காலை உணவு உண்ணவில்லையா? ஆம் என்றால் 1ஐ அழுத்தவும்”னு ஒரு கேள்வி வந்தா, எழுபது வயசுப் பாட்டி எதை அழுத்துவாங்க? அவங்க அழுத்தின ‘ஆம்’ எந்தப் பக்கம் போகும்? வெறும் வயித்துல எடுக்கற சர்க்கரை டெஸ்ட், மருந்து அலர்ஜி, சம்மதப் படிவம், எல்லாத்துலயும் இதே கதைதான். கேள்வி தப்பா இருந்தா, நேர்மையா சொன்ன பதிலும் தப்பா பதிவாகும்.

அப்போ என்ன பண்ணலாம்?

தமிழ்ல கேள்வி எழுதற எல்லாருக்கும், அது பாட்டோ, ஃபார்மோ, ஆப்ல ஒரு பட்டனோ, நான் பின்பற்றற நாலு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு: எதிர்மறையில கேட்காதீங்க. “சாப்பிடவில்லையா?” வேண்டாம், “சாப்பிட்டீங்களா?” போதும்.

ரெண்டு: பட்டன்ல ‘ஆம்’, ‘இல்லை’ போடாம, வினைச்சொல்லைப் போடுங்க. “சாப்பிட்டேன்”, “சாப்பிடலை”. “வேணும்”, “வேண்டாம்”. “சம்மதிக்கிறேன்”, “சம்மதிக்கலை”. கேள்வியைப் பாதி படிச்சவர் கூட பட்டனைப் பார்த்துப் புரிஞ்சுக்குவார்.

மூணு: பேச்சை வாங்கற மெஷினா இருந்தா, ‘ஆம்’முக்காகக் காத்திருக்காம வினைச்சொல்லைத் தேடச் சொல்லுங்க. மாட்டேன், வேணாம், முடியாது, கூடாது, ஆச்சு, வாங்க — இதெல்லாம் விதிவிலக்கு கிடையாது, இதுதான் வழக்கமான பதில். டெஸ்ட் பண்றப்போ உங்க டீம் பசங்க குரலோட நிறுத்தாம, வீட்டுல இருக்கற பெரியவங்களையும் பேச வெச்சுப் பாருங்க.

நாலு: உயிர் சம்பந்தப்பட்ட இடத்துல ஆமா-இல்லை கேள்வியே கேட்காதீங்க. “கடைசியா எப்போ சாப்பிட்டீங்க? என்ன சாப்பிட்டீங்க?”ன்னு கேளுங்க. “ஆறு மணிக்கு ஒரு வாய் காபி மட்டும்தான்”னு பாட்டி சொல்வாங்க. ‘ஆம்’ பட்டன்ல அந்தக் காபி என்னைக்கும் வெளியே வந்திருக்காது.

கடைசியா நம்ம நேயருக்கு. க்ளிங்கான்ல ரோபோ மாதிரி இல்லாம பதில் சொல்லணும்னா, ஆங்கிலத்துல யோசிச்சு யெஸ்ஸை மொழிபெயர்க்காதீங்க. தமிழ்ல யோசிங்க. ஆமா, சரி, இல்லை, மாட்டேன் — இந்த நாலும் உங்க வாயில ஏற்கெனவே பிரிஞ்சுதான் இருக்கு. ‘ஹிஜா’, ‘லுக்’, ‘கோபே’, ‘க்கோ’ன்னு அதது இடத்துல வெச்சா போதும்.

எல்லாருக்கும் ஒரு ஹோம்வொர்க்: நாளைக்கு ஒரு நாள், ‘ஆமா’வும் ‘இல்லை’யும் சொல்லாமலே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிப் பாருங்க. எத்தனை மணிக்குத் தோத்தீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன். அனுப்புவீங்களா?

தலையாட்டினா எனக்குத் தெரியாது. “அனுப்பறேன்”னு சொல்லுங்க.